ஒதுக்கியதும் ஒழித்ததும்

டொப்... டொப்... டொப்...

கப்வே ஊர் நூலகத்துக்குள் நுழையும் முன்பே லுபிண்டாவுக்கு முத்திரைச் சத்தம் கேட்டது. மாகாண அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர் அவர்.

நூலகர் கசுபா அம்மாளின் மேஜையில் ஒரு பெட்டி புத்தகங்கள். எல்லாவற்றிலும் சிவப்பாய் 'டிஸ்கார்ட்'.

"என்னம்மா, எல்லாமே 'டிஸ்கார்ட்'தானா? அந்த 'டிஸ்போஸ்' முத்திரையில மை காஞ்சே போச்சே!"

"அதுக்கு வேலை வரல சார்."

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமில்ல? 'டிஸ்கார்ட்'னா நமக்கு வேண்டாம்னு ஒதுக்கறது. யார் எடுத்துட்டுப் போனாலும் கேள்வி கிடையாது. 'டிஸ்போஸ்'னா ஒழிச்சுக் கட்டறது. கொல்லையில போட்டு, சாட்சி வெச்சு எரிக்கணும்."

"முப்பது வருஷமா தெரியும் சார்."

லுபிண்டா பெட்டியில் மேலே இருந்ததை எடுத்தார். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல். ஒரு தாள்கூடக் கிழியவில்லை.

"இதையா ஒதுக்கினீங்க? என் சட்டை இதைவிடப் பழசும்மா!"

"தெரியுது சார்."

அவர் முறைத்தார். அதற்குள் வாசலில் எண்ணெய் வாசனை. சந்தையில் விதும்புவா என்கிற மாவுப் பலகாரம் பொரித்து விற்கும் நமுகோலோ.

"அம்மா, என் பெட்டி ரெடியா?"

"ஓகோ! அரசாங்கப் புத்தகம் பலகாரம் மடிக்கப் போகுதா? உங்க வேலையே போகும்மா!"

நமுகோலோ முன்னால் வந்தாள்.

"மடிக்க இல்ல சார், படிக்க. நானும் சந்தையில இன்னும் ஏழு பேரும். அடுத்த மாசம் பரீட்சை. வீட்டுச் சொந்தக்காரர் கடிதம் குடுத்தாத்தான் உறுப்பினர் அட்டைன்னு உங்க சட்டம். நாங்க கொட்டகையில தூங்கறவங்க. கடிதம் யார்கிட்ட வாங்கறது, அடுப்புகிட்டயா?"

"நல்லாப் பேசற!" லுபிண்டா புகார் எழுதப் பேனாவைத் திறந்தார். "அந்தப் பக்கம் பாருங்கம்மா, நன்கொடை அலமாரி! மாகாணத்துலயே முதலிடம். போன வருஷம் உங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் குடுத்ததே நான்தான். ஊர் ஜனங்க அள்ளி அள்ளிக் குடுக்கறாங்க, நீங்க என்னடான்னா..."

பேசிக்கொண்டே அங்கிருந்து ஒன்றை உருவினார். விரலில் பிசுக்கென்று எண்ணெய். நமுகோலோவோடு வந்த அதே வாசனை.

முதல் பக்கத்தில் 'நன்கொடை: பெயர் சொல்ல விரும்பாதவர்' என்று ஒரு சீட்டு. அதன் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. அடியில் சிவப்பாய் ஏதோ. நகத்தால் நெம்பினார்.

'டிஸ்கார்ட்.'

அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

லுபிண்டா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"உங்க வேலை சுத்தமில்லம்மா. சீட்டெல்லாம் ஓரம் தூக்கிட்டு நிக்குது. வேற யாராவது ஆய்வுக்கு வந்தா என்ன ஆகறது?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பசை எங்க?"

கசுபா அம்மாள் பசைப் புட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு முத்திரையைக் கையில் எடுத்தார்.

டொப்.