நீலப் பூச்சு

கரையில் ஒரு குட்டி ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிவயிற்றில் மயிரிழை போல ஒரு விரிசல்.

உப்புத்தாள் வந்து தடவிப் பார்த்தது. “நாலு விரல் அகலத்துக்குத் தேய்ச்செடுக்கணும். அப்பத்தான் மேலே ஒட்டுற புது ஃபைபர் பிடிக்கும்.”

“நல்லா இருக்கே! மயிரிழைக்கு வைத்தியம் பார்க்க வந்து நாலு விரலுக்குப் புண்ணாக்குவியா?” என்று சீறிய படகு, பக்கத்தில் இருந்த நீலப் பெயிண்டைக் கூப்பிட்டது.

பெயிண்டு மறுபேச்சுப் பேசாமல் வழவழவென்று பூசிவிட்டது. கரையில் இருந்த மற்ற படகுகளெல்லாம் வைத்த கண் வாங்காமல் பார்த்தன. குட்டிப் படகுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பாயை விரித்துக்கொண்டு கடலில் இறங்கிவிட்டது.

மூன்றாவது அலை அடித்தபோது அடியில் மொடுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே ஏறியது. பாதி முழுகி, தட்டுத்தடுமாறி அது கரை சேர்ந்தபோது விரிசல் ஒரு முழத்துக்கு நீண்டிருந்தது.

ஈரம் காய்ந்ததும் உப்புத்தாள் வந்து நின்றது. பழசை ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை.

“எவ்வளவு வேணும்னாலும் தேய்ச்சுக்கோ. உயிர் மிஞ்சினா போதும்,” என்று படகு கண்ணை மூடிக்கொண்டது.

உப்புத்தாள் குனிந்து அடிவயிற்றைத் தொட்டது. படகு ஒரு கண்ணை மட்டும் திறந்து மெல்லக் கேட்டது:

“அந்த நீலம் போகாம தேய்க்க முடியுமா?”