ஐந்து வேளை மரியாதை

ஜெருசலேமில் அரபுகளின் ஆட்சி வந்ததிலிருந்து ரொட்டிக் கடைக்காரன் கிரியாக்கோஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. மைதானத்தின் தெற்கு ஓரத்திலிருந்த அவன் கடையைப் பார்த்து, நாற்பது வீரர்கள் வரிசையாக நின்று தினமும் ஐந்து முறை குனிந்தார்கள்.

"பாத்தியாடி யூடோக்கியா? ரோமருங்க ஆண்டப்போ என்னை ஒரு நாய்கூட மதிக்கல!"

"ரொட்டி வாசனைக்குக் குனியறாங்களோ என்னவோ," என்றாள் மனைவி.

அவன் காதில் விழவில்லை. ஐந்து முறையும் எழுந்து, தாடி தரையைப் பெருக்கும்படி பதிலுக்குக் குனிந்தான்.

ஒரு மாதத்தில் தளபதி கூப்பிட்டு, வடக்கு ஓரத்தில் இரு மடங்கு பெரிய கடையை இலவசமாகவே கொடுத்தார். கிரியாக்கோஸ் இரண்டு அங்குலம் வளர்ந்தான்.

கடை மாறிய அன்றே நாற்பது பேரும் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்!

"போச்சு! நேத்து ரொட்டியைக் கருக்கினீங்களே, ஊரைவிட்டே துரத்தப் போறாங்க," என்று யூடோக்கியா மூட்டை கட்டினாள்.

ரொட்டி வாங்க வந்த வீரன் நுஃபைலின் காலில் கிரியாக்கோஸ் விழுந்தான். "ஐயா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"எந்திரிங்கண்ணே! நாங்க மெக்காவைப் பார்த்துத் தொழறோம். அது தெற்கேல்ல இருக்கு!"

"அப்போ இந்தக் கடையை எதுக்குக் குடுத்தீங்க?"

நுஃபைல் வாயைப் பொத்திக்கொண்டான்.

"தொழும்போது சிரிச்சா தொழுகை முறிஞ்சிடும்ண்ணே. நீங்க எதிர்ல நின்னு பதில் வணக்கம் போட்டதுல, ஒரு மாசமா எங்க நாப்பது பேருக்கும் ஒரு தொழுகைகூட உருப்படியா முடியல!"