அதே பாட்டில்தான்

"இவரை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா அண்ணி? உங்க கூடப் பொறந்த தம்பி உள்ள கிடக்கிறார்! அவரை இந்தக் கதிக்கு ஆளாக்கினது உங்க வீட்டுக்காரர்தானே!"

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது தம்பி பெண்டாட்டி. தம்பி பஸ் டிரைவர். காலையில் டிப்போவில் வண்டியை எடுக்கும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான்.

அக்கா வாயே திறக்கவில்லை. கைப்பையின் வாரைத் திருகியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பியை விடப் புருஷன் பெரிசாப் போயிட்டான் பாருங்க," என்று பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா முணுமுணுத்தாள். கல்நெஞ்சக்காரி என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. அடுத்தவர் வீட்டு வழக்கென்றால் தீர்ப்பு சொல்ல நமக்கெல்லாம் நேரமே ஆகாது.

குற்றவாளியாக நின்றவர் மாமா, அக்காவின் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார் என்று பேர். வெயில் எட்டிப் பார்க்காத அடித்தளத்தில் அவருக்கு வேலை. போன வருஷம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கொலஸ்ட்ரால் அதிகம், வைட்டமின் டி குறைவு என்று வந்தது. டாக்டர் இரண்டுக்கும் மாத்திரை கொடுத்தார்.

மாமா செல்போனில் வந்த ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கொலஸ்ட்ரால் மாத்திரையைக் குப்பைத்தொட்டியில் போட்டார். "வைட்டமின் டி ஒண்ணு போதும். கொழுப்பையும் கரைக்கும், இதயத்தையும் பார்த்துக்கும்," என்றார். அக்கா கெஞ்சினாள், அழுதாள், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். மனிதர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

அடுத்த பரிசோதனையில் அவர் கொலஸ்ட்ரால் மளமளவென்று இறங்கியிருந்தது!

அதற்குப் பிறகு மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் வைட்டமின் டி புராணம். அச்சகத்தில் அவர் பெயரே 'வைட்டமின்' ஆகிவிட்டது. தம்பிக்கும் கொலஸ்ட்ரால் என்று தெரிந்ததும், கடையிலிருந்து சீல் பிரிக்காத புது பாட்டிலாக வாங்கி வந்து அவன் கையில் திணித்தார்.

"நான் கெட்டது நெனச்சா கொடுத்தேன்?" மாமா அவள் பக்கம் திரும்பினார். "நான் தினம் முழுங்கறதையேதானேம்மா அவனுக்கும் கொடுத்தேன்!"

"டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்களே அண்ணா! எங்க வீட்டுக்காரருக்குச் சந்தேகம்தான். அண்ணியைத் தனியாக்கூடக் கேட்டாரு, 'மாமா சொல்றது நிஜமாக்கா?'ன்னு. 'மாமாவைப் பார்த்தாத் தெரியலையாடா'ன்னு அண்ணி சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பை நம்பித்தான் நிறுத்தினாரு."

வாரைத் திருகிக்கொண்டிருந்த அக்காவின் விரல்கள் நின்றன.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

"உயிர் பிழைச்சிட்டார். ஆனா இதயம் ரொம்ப பலவீனமாயிடுச்சு. இனிமே பஸ் ஓட்டறதெல்லாம் முடியாதும்மா."

தம்பி பெண்டாட்டி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "ஐயோ, தூக்கத்துலகூட கியர் மாத்துவாரே! வண்டி இல்லாம அவர் எப்படி இருப்பாரு?"

"கொலஸ்ட்ரால் மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டர்.

"நான்தான் சார்," மாமா முன்னால் வந்தார். "வைட்டமின் டி போதும்னு..."

"வைட்டமின் டி குறைவா இருந்தா சாப்பிட வேண்டியதுதான், எலும்புக்கு நல்லது. ஆனா கொலஸ்ட்ரால் மாத்திரை செய்யற வேலையை அது செய்யாது சார்."

"எனக்குச் செஞ்சுதே!" மாமா சட்டைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். "இதைத் தவிர நான் வேற எதையும் தொட்டதில்ல. அவனுக்குக் கொடுத்ததும் இதே பாட்டில்தான். எனக்கு வேலை செஞ்சது அவனுக்கு ஏன் சார் செய்யல?"

டாக்டர் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினார். அதன் மேல் பொடியாகப் பொறித்திருந்த எழுத்துகளைப் புருவம் சுருங்கப் படித்தார்.

"இந்த பாட்டில்ல மாத்திரை நிரப்பறது யாரு?"

"இவதான் சார். காலியாகறதுக்கு முன்னாடியே நிரப்பி வச்சிடுவா. நான் எடுத்து வாயில போட்டுக்கறதோட சரி."

சொல்லிவிட்டு மாமா பெருமையோடுதான் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் அந்தப் பெருமை வடிந்துபோயிற்று.

"என்னம்மா?"

அக்கா எழுந்தாள். தம்பி பெண்டாட்டியின் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"கெஞ்சிப் பார்த்தேன், இவர் கேக்கல. ரெண்டு மாத்திரையும் வெள்ளை, ரெண்டும் சின்னது. அதனால வைட்டமின் பாட்டில்ல கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கொட்டி வச்சேன். நல்லாயிட்டாரு. வைட்டமினாலதான்னு ஊரெல்லாம் சொன்னாரு. சொல்லிட்டுப் போகட்டும், ஆள் நல்லா இருந்தாப் போதும்னு விட்டுட்டேன்."

"அண்ணி..."

"தம்பி கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா அவன் எதிர்ல இவர் தலை குனியுமேன்னு சிரிச்சு மழுப்பினேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப்போட்டேன்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு இடையிலிருந்துதான் மீதி வந்தது.

"இவரை ஒரு வார்த்தை கேளுன்னு சொன்னியே... நான் எந்த வாயாலம்மா கேப்பேன்?"