ஐந்நூறு பிரவுசர் வாங்கியவர்

"ஏம்மா, நல்ல காரியம் நடக்கிற நேரத்துல இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்து நிக்கறியே, உனக்கே நல்லாருக்கா?"

கண்ணாடி முன்னால் நின்று டையைச் சரிசெய்துகொண்டே முதலாளி கேட்டார். இன்னும் அரை மணி நேரத்தில் கீழ்த்தள அரங்கில் அவருடைய புது பிரவுசருக்கு வெளியீட்டு விழா. மனிதன் கை வைக்கவே வேண்டாத பிரவுசர். என்ன வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் போதும். ஏஜென்ட் என்று பேர் சூட்டியிருக்கும் ஏஐ தானே இணையப் பக்கத்தைத் திறந்து, தானே படிவத்தை நிரப்பி, தானே பட்டனை அழுத்திவிடும். முதலாளியும் அப்படித்தான் வாழ்கிறார். அவர் ஒரு வரி சொல்வார், மற்றவர்கள் ஓடுவார்கள்.

"விழாவை ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்க சார்" என்றாள் சோதனைப் பிரிவுத் தலைவி. "அது சொன்ன இடத்துல நிக்க மாட்டேங்குது. பார்த்துட்டு வான்னு அனுப்பினா முடிச்சுட்டு வருது. மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன்."

"நீ எழுதினதையெல்லாம் பழைய பேப்பர்காரன்கூட எடுத்துக்க மாட்டான்."

சோபாவில் காலாட்டிக்கொண்டிருந்த விற்பனை மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி மனைவியின் தம்பி. அதைத் தவிர வேறு தகுதி எதையும் அவரிடம் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லைன்னு படிச்சதில்லையாம்மா?" என்றார் முதலாளி.

"குற்றம் பார்க்கத்தானே சார் எனக்குச் சம்பளம் தர்றீங்க?"

"இனிமே தரப்போறதில்லை. நீயும் உன் பிரிவுப் பொண்ணுங்க அஞ்சு பேரும் விழா முடிஞ்சதும் கார்டை வாசல்ல கொடுத்துட்டுக் கிளம்பலாம்."

மேஜையில் தயாராக இருந்த ஆறு கவர்களை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி ஒவ்வொன்றிலும் இருந்த பெயரைப் பார்த்தாள். அந்த ஐந்து பேரில் ஒருத்திக்கு ஏழு மாதம். இன்னொருத்தி பழைய வேலையை விட்டுவிட்டு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

"நாங்க என்ன சார் தப்புப் பண்ணினோம்?"

"தப்பே இல்லாத சாமானுக்குத் தப்புத் தேடுற பிரிவு எதுக்கு? நான் சொல்லல, வாடிக்கையாளர் சொல்றார். மச்சான், படிச்சுக் காட்டு."

மேனேஜர் போனைத் தூக்கிப் பிடித்தார். "விழாவுக்கு முன்னாடியே ஐந்நூறு ஆர்டர் போட்டவரு. ஏதாவது குறை இருக்கான்னு மெயில் போட்டேன். 'ஒரு குறையும் இல்லை, மிகச் சிறப்பாக இயங்குகிறது'ன்னு பதில். எவ்வளவு நேரத்துல தெரியுமா? ரெண்டே செகண்ட்! மனுஷன்னா அவரு மனுஷன்!"

"அவர்கூட போன்ல பேசினீங்களா?"

"ஐந்நூறு வாங்கறவருக்கு உன்னை மாதிரி வெட்டிப் பேச்சுக்கு நேரம் இருக்குமா? விழாவுக்கு வாங்கன்னு எழுதினேன். 'அவசியம் கலந்துகொள்கிறேன்'னு உடனே பதில். நீயெல்லாம் அவர்கிட்ட மரியாதை கத்துக்கணும்."

"கவரையெல்லாம் நீயே கொடுத்துடு" என்றார் முதலாளி. "அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வேலை. மேடைக் கம்ப்யூட்டர்ல போய் உட்காரு. வேற ஆள் இல்லை."

போகச் சொன்ன ஆளிடமே வேலையும் வாங்க ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

அரங்கில் மைக்கைப் பிடித்தவர் நாற்பது நிமிடம் விடவில்லை. "இனிமேல் மனிதனுக்கு விரல் எதற்கு?" என்று கர்ஜித்தார். முதலீடு செய்யலாமா என்று பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த விரல்களால்தான் கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பிரவுசரை நானே புகழக் கூடாது. ஐந்நூறு வாங்கிய எங்கள் முதல் வாடிக்கையாளர் இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார். ஐயா, மேடைக்கு வாங்க!"

கைதட்டல் எழுந்து ஓய்ந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பூங்கொத்தும் கையுமாக மேனேஜர் வரிசை வரிசையாக முகம் பார்த்துக்கொண்டே போனார். கடைசி வரிசையில் பெரியவர் ஒருவர் எழுந்ததும் பாய்ந்துபோய் அவர் கையில் திணித்தார்.

"நான் பாத்ரூம் போறேன் தம்பி" என்றார் அவர்.

அரங்கம் சிரித்தது. முதலாளியின் முகம் சிவந்தது.

"பெரிய மனுஷங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்று சமாளித்தவர், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பராக்குப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கியே! அவருக்கு ஒரு மெயில் தட்டு. எங்க இருக்கீங்கன்னு கேளு. பெரிய திரையிலேயே போடு, எல்லாரும் பார்க்கட்டும்."

"திரையில வேண்டாம் சார், முதல்ல நாம மட்டும்..."

"சொன்னதைச் செய்!"

மடியில் ஆறு கவர்களோடு அவள் தட்டினாள்: 'ஐயா, தாங்கள் எங்கே இருக்கிறீர்கள்?'

இரண்டே செகண்டில் பதில் திரை முழுக்க வந்து நின்றது.

'வணக்கம். இதே கட்டடத்தில், மூன்றாம் மாடியில், சோதனைப் பிரிவுக் கம்ப்யூட்டரில் இருக்கிறேன். ஏதாவது ஒரு பொருளை வாங்கும் பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். நம் கம்பெனி பிரவுசரிலேயே ஐந்நூறு வாங்கிவிட்டேன். முதலாளியின் மெயிலைக் கவனித்துக்கொள்ளும் ஏஜென்ட் உடனே பணத்துக்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டார். இன்னும் ஓர் ஐந்நூறு வாங்கட்டுமா?'