செருப்பு ஸ்டாண்டில் ஒரு தளபதி

ரிட்டயர்மென்ட் என்னை ஊறுகாய் போடப் பார்த்தது. அதனால், மேஜை விளையாட்டுக்கான பொம்மைப் படை தயாரிக்க இணையத்தில் நடந்த கிரவுட்ஃபண்டிங்கில் நானும் பணம் போட்டேன். திண்டுக்கல்லையே தரைமட்டமாக்கக்கூடிய பெரும்படை பார்சலில் வந்து இறங்கியது. ஒவ்வொரு வீரனும் என் கட்டைவிரல் உயரம்.

என் மனைவி உம்மு சல்மா அஞ்சவில்லை.

"உருவம் இருக்கிற வீட்டுக்கு வானத்துலருந்து மலக்கு இறங்கி வராதுங்க. இதுக உள்ள வந்தா நான் மக வீட்டுக்குப் போயிருவேன்."

"இம்புட்டூண்டு பொம்மைக்கா என்னைய விட்டுட்டுப் போற?"

"போவேன்."

தோற்ற மன்னனாகப் பெட்டியை வாசலில் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன்.

மறுநாள் காலை பெட்டியில் தளபதியைக் காணோம். அவர் நின்ற வட்டத் தட்டு மட்டும் இருந்தது. கீழே, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில், அவருடைய பூட்ஸ் ஜோடியாகக் கிடந்தது. காலோடு சேர்த்து வார்த்த பூட்ஸ் எப்படிக் கழன்றது என்று எனக்கு விளங்கவில்லை. முனைகள் வீட்டைப் பார்த்திருந்தன.

நான் எதையும் பத்து மடங்காகச் சொல்கிறவன் என்பதால் சல்மா நம்பவில்லை. வந்து குனிந்து பார்த்தாள். பிறகு கட்டில் அடி, அரிசி டிரம், பீரோ என வீடு முழுக்கத் தேடினோம். அவர் இல்லை.

நான் பூட்ஸை எடுக்கப் போனேன்.

"தொடாதீங்க. வெளிய போறப்ப அவருக்கு வேணும்ல?"

"நீ மக வீட்டுக்குப் போகலையா?"

"உங்களையும் அவரையும் தனியா விட்டுட்டா?"

மகள் வீட்டுக்கென்று அவள் கட்டிய பை கட்டியபடியே இருக்கிறது. இன்று காலை பூட்ஸில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது. ஊரில் மழை பெய்து மாதக்கணக்காகிறது. முனைகள் இன்னமும் வீட்டைத்தான் பார்த்திருக்கின்றன.