பதினாறு ஆட்டம்

காலை ஒன்பதரைக்கு அந்த வட்டாரத்துப் போன்களில் எல்லாம் காணாமல் போகும் படைவீரர்களுக்கான பச்சை எச்சரிக்கை வந்தது.

‘காணவில்லை. முன்னாள் படைவீரர் கர்ட்டிஸ் வோல்கர், வயது 46. உயிருக்கு ஆபத்து இருக்கலாம். சாம்பல் நிற பிக்கப் வண்டி. பார்த்தவர்கள் உடனே போலீஸுக்குச் சொல்லவும்.’

போலீஸில் சொன்னது அவன் மனைவி ரெனேதான். ஊருக்கே தெரிந்துவிடுமே என்று கொஞ்ச நேரம் தயங்கினாள். இழுப்பறையில் இருந்த கைத்துப்பாக்கியைக் காணோம் என்றதும் தயக்கம் போய்விட்டது.

நெடுஞ்சாலையில் தேடினார்கள். காட்டுப் பாதைகளில் தேடினார்கள். முன்னாள் படைவீரர் சங்கத்திலிருந்து முப்பது பேர் ஆரஞ்சு கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஏரியை மட்டும் யாரும் நினைக்கவில்லை. பிப்ரவரியில் உறைந்து கிடக்கும் ஏரி. அன்று மீன்பிடிப் போட்டி வேறு. பனிக்கட்டியின் மேல் இருநூறு பிக்கப் நின்றன. அதில் ஒன்று கர்ட்டிஸுடையது.

மூன்றரைக்குக் கரையில் இருந்த தூண்டில் கடையிலிருந்து ரெனேவுக்குப் போன் வந்தது. பேசியது பக்கத்து வீட்டு டுவேன். பால் லாரி ஓட்டுபவன்.

“ரெனே, கர்ட்டிஸ் என்கூடத்தான் இருக்கான். நல்லா இருக்கான். போலீஸை சைரன் போடாம வரச் சொல்லு.”

அவள் போய்ச் சேர்ந்தபோது கர்ட்டிஸ் கடை மூலையில் சூப் குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். அவளோடு வந்த போலீஸ் அதிகாரி, துணை ஷெரிஃப் ஸ்டாங்கல், பக்கத்தில் போய்க் கை நீட்டினார். கர்ட்டிஸ் கோட்டுப் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தான்.

ஸ்டாங்கல் திறந்து பார்த்தார்.

“காலி. ஒரு தோட்டாகூட இல்ல.”

ரெனே துப்பாக்கியையே பார்த்தாள். காலித் துப்பாக்கிக்கா இந்த ஆறு மணி நேரம் செத்துச் செத்துப் பிழைத்தோம்?

கர்ட்டிஸை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டியில் ஏற்றினார்கள். ஸ்டாங்கல் டுவேன் பக்கம் திரும்பினார்.

“எப்போ வந்தான் உன்கிட்ட?”

“ஒம்பது மணி இருக்கும். பனி மேல என் மீன்பிடிக் குடில் இருக்குல்ல, அங்க.”

“ஒம்பதா? மூணரை வரைக்கும் என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?”

“சீட்டு ஆடிட்டிருந்தோம்.”

கடையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சங்கத்துத் தலைவர் ஹார்லன் சிரிக்கவில்லை. இடுப்பளவு பனியில் நடந்து அவர் கால்சட்டை நனைந்திருந்தது.

“ஊரே நாய் மாதிரி அலையுது. உனக்கு சீட்டு கேக்குதா? எத்தனை ஆட்டம்டா?”

“பதினாறு.”

“அவன்கிட்ட நீ என்னைக்காவது ஜெயிச்சிருக்கியா?”

“அதான் கஷ்டமா இருந்துச்சு.”

“ஒரு போன் பண்றதுக்கு என்ன?” என்றார் ஸ்டாங்கல்.

“போன் ஏரிக்குள்ள கிடக்கு.”

“விழுந்துடுச்சா?”

“நான்தான், தூண்டில் போட பனிக்கட்டில வெட்டின ஓட்டைல போட்டேன்.”

“குடிச்சிருக்கியா?”

“காபி மட்டும்.”

ஹார்லன் கையுறையை உதறினார். “பட்டாள வாசலை மிதிக்காதவன்கிட்ட என்ன பேச்சு? நம்ம ஆளுங்க படற பாடு இவனுக்கு எங்க தெரியப்போகுது?”

டுவேன் குடிலைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

ரெனே விடவில்லை. வண்டிகளுக்கு நடுவில் அவனைப் பிடித்தாள்.

“பதினஞ்சு வருஷமா பக்கத்து வீடு. என் புருஷன் உயிரோட இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு? கல்யாணத்துக்கு வந்தவன்தானே நீ?”

“அவனை ஏத்தின வண்டி போயிடுச்சா?”

“போயிடுச்சு. பேச்சை மாத்தாதே.”

டுவேன் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்.

“உள்ள வந்ததும் துப்பாக்கியை மேசை மேல வெச்சான். போறதுக்கு முன்னால யாரையாவது பாக்கணும்னு தோணிச்சு, வந்தேன்னான். எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல, ரெனே. பேசத் தெரிஞ்சவன் இல்ல நான். சீட்டுக்கட்டுதான் கைல இருந்துச்சு. கலைச்சுப் போட்டேன். அப்போதான் போன்ல அந்த எச்சரிக்கை அலறிச்சு. அவன் கை துப்பாக்கிக்குப் போச்சு. நான் போலீஸைக் கூப்பிடப் போறேன்னு நினைச்சுட்டான். அதான் அவன் கண்ணு முன்னாலேயே போனை ஓட்டைல போட்டேன்.”

“துப்பாக்கி காலின்னாரே ஸ்டாங்கல்?”

டுவேன் கையுறையைக் கழற்றினான். கோட்டுப் பையைத் துழாவி, அவள் உள்ளங்கையில் ஆறு தோட்டாக்களை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தன.

“ஆட்டத்துக்கு ஒண்ணுன்னு பந்தயம். நான் ஒண்ணு ஜெயிச்சா, சில சமயம் அடுத்த ஆட்டத்துலயே திருப்பி வாங்கிடுவான். அதான் இவ்வளவு நேரம். இதை டாக்டர்கிட்ட காட்டி, நடந்ததைச் சொல்லிடு. கடையில எல்லார் முன்னாலயும் சொல்ல எனக்கு மனசு வரல.”

அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

“ஆனா ஆறாவது தோட்டாவை நான் ஜெயிக்கல, ரெனே. நல்ல சீட்டெல்லாம் அவன் கைலதான் இருந்துச்சு. கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்தான். அப்புறம் அவனே எல்லாத்தையும் கவுத்து வெச்சுட்டான்.”