ரெண்டும் இடது கால்

"வந்துட்டான்யா, இன்னொரு திருடன்!"

ஷூக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆன்லைனில் ஷூ விற்கிறார். வீட்டு முன்னறைதான் கடை. பெட்டி கட்டுவது, முகவரி ஒட்டுவது, தூசி தட்டுவது எல்லாம் மனைவி. திட்டுவது மட்டும் ஐயாவின் இலாகா.

"யாருங்க?" என்றாள் மனைவி, டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"போன வாரம் கருப்பு ஷூ வாங்கினவன். ரெண்டுமே இடது காலாம்! கார்டு கம்பெனியில புகார் பண்ணிக் காசைத் திருப்பிக் கேக்கறான். எப்படியெல்லாம் யோசிக்கறானுங்க பாரு!"

அவள் எட்டிப் பார்த்தாள். புகாரின் அடியில் அந்த ஆள் நாலு வரி எழுதியிருந்தான். ஓட்டலில் பரிமாறுகிற வேலை கிடைத்திருக்கிறதாம். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டுமாம். கருப்பு ஷூ இல்லாவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுவார்களாம். கடைக்கு மூன்று தடவை எழுதியும் பதில் இல்லையாம்.

"மூணு தடவை எழுதினானா?"

"எழுதினான், எழுதினான். இவனுங்களுக்கெல்லாம் பதில் சொல்லிட்டிருந்தா வியாபாரத்தை யாரு பாக்கறது?"

"பாவங்க. ஒருவேளை நாமதான் மாத்தி..."

"நீ சும்மா இரு. வக்கீல் எதுக்கு இருக்கு?"

வக்கீல் என்று அவர் பெயர் வைத்திருந்தது மாதச் சந்தா கட்டி வாங்கிய ஒரு சாஃப்ட்வேருக்கு. வாங்கினவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டால், விற்றவருக்காக அது வாதாடும். பார்சல் போன தேதி, வாங்கிக்கொண்ட கையெழுத்து, படம் என்று ஆதாரங்களைத் தானே பொறுக்கிச் சேர்த்து, கார்டு கம்பெனிக்குப் பதிலும் எழுதிவிடும். அது வந்ததிலிருந்து மனுஷன் ஒரு தகராறில்கூடத் தோற்கவில்லை. பெருமை பிடிபடவில்லை.

அன்றைக்கும் அது கண்மூடித் திறப்பதற்குள் நாலு பக்கம் எழுதித் தள்ளியது. 'வாடிக்கையாளரின் கூற்று முற்றிலும் ஆதாரமற்றது.' கூடவே, பெட்டியில் போடுவதற்கு முன் எடுத்த படம். இடது ஒன்று, வலது ஒன்று, பளபளவென்று.

"பாத்தியா? படம் பொய் சொல்லுமா?" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் காபி கேட்டார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் படம் எடுத்த நாளை யோசித்துப் பார்த்தாள். வக்கீலுக்கு ஆதாரம் வேண்டுமே என்று ஒரே அளவில் இரண்டு பெட்டிகளைப் பிரித்து, நாலு ஷூவையும் மேஜையில் பரப்பி ஜோடி ஜோடியாகப் படம் எடுத்தவர் இவர்தான். போனில் யாரையோ திட்டிக்கொண்டே திரும்பப் பெட்டிகளில் போட்டவரும் இவரேதான்.

அந்த இரண்டில் இன்னொரு பெட்டி அலமாரியில் விற்காமல் இருந்தது. திறந்தாள். இரண்டும் வலது கால்!

நேராகக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

ஷூக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மற்றதையும் பார்த்தார். அப்பாடா, ஆளுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தாள்.

"மூடி வை."

"அந்த ஆளுக்கு அனுப்பிடவா?"

"பைத்தியமா உனக்கு? அவன் பொய்யன்னு நாலு பக்கம் எழுதியாச்சு. இப்போ இதை அனுப்பினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?"

"அப்போ இதை என்ன பண்றது?"

"இதே அளவு அடுத்து எவன் கேக்கறானோ, அவனுக்குப் போகட்டும்."

"ரெண்டும் வலதுங்க!"

"இருக்கட்டுமே. அவன் கத்தினா வக்கீல் பாத்துக்கும்."

வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியாலேயே ஒன்று போட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு. போடவில்லை. 'தப்பு எங்களுதுதான், மன்னிச்சிடுங்க' என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்தாள். டேப் ஒட்டினாள். புகார் பண்ணின ஆளின் முகவரியைப் போட்டுக் கொரியர்காரரிடம் கொடுத்து, திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரணும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

பத்து நாள் கழித்து ஷூக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"புகாரை அவனே வாபஸ் வாங்கிட்டான்! நாலு பக்கத்தைப் பாத்து நடுங்கிட்டான்!"

"நடுங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வலது கால் பெட்டியை நான் அனுப்பிட்டேன்."

"யாரைக் கேட்டு அனுப்பினே? ரெண்டு இடது, ரெண்டு வலது... அடிப்பாவி, ஒரு ஜோடி ஓசியிலே போச்சே!"

வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவர், கடையின் இணையப் பக்கத்தில் அந்த ஆள் எழுதியிருந்த பாராட்டைப் பார்த்ததும் அடங்கினார். சத்தமாகவே படித்தார்.

'திங்கட்கிழமை காலையில் ஷூ வந்தது. வேலையில் சேர்ந்துவிட்டேன். செய்த தவறை ஒப்புக்கொண்டு திருத்திய இப்படி ஒரு நேர்மையான வியாபாரியை நான் பார்த்ததே இல்லை.'

இரண்டாம் தடவை படிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அவளுக்கே மனசு இளகிவிட்டது.

"எடு, எடு. இதை அப்படியே படம் பிடிச்சு வக்கீல்ல ஏத்து" என்றார் ஷூக்காரர். "நேர்மையான வியாபாரின்னு அவனே எழுதிக் குடுத்திருக்கான். இனிமே எவன் புகார் பண்ணினாலும் பொய்யன்னு அடிச்சு நிரூபிச்சிடலாம்!"